ஆன் ஆகாத நாளில் திங்க்பேட் டி480 என்ன சொல்கிறது

2018-இல் வந்த லெனோவோவின் திங்க்பேட் டி480 இன்றும் செகண்ட் ஹேண்டில் நிறையப் பேர் தேடி வாங்கும் லேப்டாப். 8-ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸர், இரண்டு ரேம் ஸ்லாட், உள்ளே ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு பேட்டரி. வருடக்கணக்கில் ஓட்டியபின் இதில் மெச்ச வேண்டியது வேகத்தையோ கீபோர்டையோ அல்ல. பழுது வந்தால் எங்கே வந்தது என்று பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும். அதைக் கவனிக்காமல் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், நூறு ரூபாய் வேலைக்கும் மதர்போர்டு விலை கேட்க நேரும்.

பவர் பட்டனை அழுத்தினால் அசைவே இல்லையா? முதலில் மூடியின் மேலிருக்கும் சிவப்புப் புள்ளியைப் பாருங்கள். சார்ஜரைக் கழற்றி மறுபடி செருகும்போது அது மூன்று முறை மின்ன வேண்டும். மின்னினால் மின்சாரம் போர்டு வரை வந்துவிட்டது. மின்னாவிட்டால் பக்கத்திலுள்ள இன்னொரு டைப்-சி போர்ட்டில் செருகிப் பாருங்கள். இரண்டிலும் சார்ஜ் ஏறும். 20 வோல்ட் தரக்கூடிய 45 அல்லது 65 வாட் சார்ஜர் வேண்டும். சாதாரண போன் சார்ஜரை வைத்துச் சோதித்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள்.

அடுத்தது ரீசெட். சார்ஜரையும் பின்பக்க பேட்டரியையும் கழற்றுங்கள். அடிப்பக்கம் உள்ள ஊசித் துளையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை விட்டுச் சில நொடி அழுத்துங்கள். ஒரு நிமிடம் விட்டு சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். உள் பேட்டரி எப்போதும் இணைப்பிலேயே இருப்பதால், மின்சாரத்தைக் கவனிக்கும் கன்ட்ரோலர் சிக்கிக்கொண்டால் வெளி பேட்டரியைக் கழற்றுவதால் மட்டும் அது விடுபடாது. அதற்காகத்தான் அந்தத் துளை.

சார்ஜ் ஏறுவது விட்டுவிட்டு வருகிறது, எச்டிஎம்ஐ-யில் படம் வரவில்லை, தண்டர்போல்ட் போர்ட் (டைப்-சி வடிவிலேயே இருக்கும் வேகமான இணைப்பு) காணாமல் போகிறது என்றால் வேறு சந்தேகம் வர வேண்டும். 2017 முதல் 2019 வரை வந்த பல திங்க்பேட் மாடல்களில் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரில், அதாவது சில்லுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளில், ஒரு பிழை இருந்தது. நிறுவனமே ஒப்புக்கொண்டு அப்டேட் வெளியிட்டது. தண்டர்போல்ட் சில்லின் சிறு நினைவகத்தில் அந்த ஃபர்ம்வேர் ஓயாமல் எழுதிக்கொண்டே இருந்து கடைசியில் அதைக் கெடுத்துவிடும். கெடுவதற்கு முன் அப்டேட் போட்டால் செலவில்லை. கெட்டபின் அந்தச் சில்லை வெளியிலிருந்து புரோகிராம் செய்ய வேண்டும், இல்லையேல் போர்டையே மாற்ற வேண்டும். டி480 வாங்கிய அன்றே செய்ய வேண்டிய முதல் வேலை இந்த அப்டேட்தான்.

திரையில் பிழை எண் வந்தால் வேலை சுலபம். 0271 என்றால் தேதி, நேரம் தப்பு. ஆன் செய்ததும் எஃப்1 அழுத்தி பயோஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரை) சரிசெய்து எஃப்10 கொடுத்துச் சேமியுங்கள். மறுநாளும் வந்தாலோ, 0251 சேர்ந்து வந்தாலோ கடிகாரத்தை ஓட்டும் பட்டன் செல் தீர்ந்துவிட்டது. அது சிஆர்2032-தான், ஆனால் இரண்டு ஒயரும் சின்ன கனெக்டரும் சேர்ந்தது. வெறும் செல்லை வாங்கினால் பொருந்தாது.

அடிமூடியைத் திறப்பதற்கு முன் ஒன்றை மறக்காதீர்கள். பயோஸில் கான்ஃபிக், அதற்குள் பவர், அதில் உள் பேட்டரியை முடக்கும் கட்டளை இருக்கிறது. அதைக் கொடுத்தால் லேப்டாப் தானே அணையும். மறுபடி சார்ஜர் செருகும்வரை உள் பேட்டரியிலிருந்து மின்சாரம் போகாது. இதைச் செய்யாமல் ஸ்க்ரூடிரைவர் வைத்தால் ஒரு நழுவலில் போர்டு போய்விடும். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்டிருப்பவர்கள் 48 இலக்க மீட்பு எண்ணை முன்கூட்டியே வேறு இடத்தில் எழுதி வையுங்கள். பயோஸ் அமைப்பு மாறினால் விண்டோஸ் அதைக் கேட்கலாம்.

'ஃபேன் எரர்' என்று வந்து அணைந்தால் ஃபேன் சுற்றவில்லை அல்லது சுற்றுவது போர்டுக்குத் தெரியவில்லை. பெரும்பாலும் தூசியும் தேய்ந்த பேரிங்கும்தான் காரணம். காற்றடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும். பிராசஸர் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க்கைக் கழற்றினால், இடையில் பூசியிருக்கும் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் போட்டே மாட்ட வேண்டும். எஸ்கேப் அழுத்தி உள்ளே போக வழி இருந்தாலும் அது ஃபைல்களை எடுத்துக்கொள்வதற்கு மட்டுமே. அதை நம்பி வேலை பார்க்கக் கூடாது.

கறுப்புத் திரையும் பீப் ஒலியும் சேர்ந்து வந்தால் முதலில் ரேமைப் பாருங்கள். இரண்டையும் கழற்றி, ஒன்றை மட்டும் ஒரு ஸ்லாட்டில், பிறகு அடுத்த ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை. தங்கநிறப் பற்களை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ரேம் மாற்றியபின் முதல் முறை படம் வரச் சற்று நேரமாகும், அவசரப்பட்டு அணைக்காதீர்கள். பீப் இசைபோல ஒலித்தால் அதற்குள் பிழை எண் இருக்கிறது. லெனோவோவின் டயக்னாஸ்டிக்ஸ் ஆப்பை போனில் திறந்து அருகே பிடித்தால் எண்ணைக் காட்டும்.

திரையில் 2100 என்று வந்தால் டிஸ்க் கண்ணில் படவில்லை. இந்த மாடலில் எஸ்எஸ்டி ஒரு அடாப்டர், கேபிள் வழியாகத்தான் போர்டுக்குப் போகிறது. கேபிளை எடுத்து மறுபடி அழுத்திவிட்டாலே பலமுறை சரியாகிவிடும். 2110 அப்படியல்ல, அது டிஸ்க்கைப் படிக்க முடியாத பிழை. லேப்டாப் ஆன் ஆனால் அதே நொடியில் பேக்கப் எடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

டச்பேட் க்ளிக் திடீரென்று இறுகினாலும் கவனம் தேவை. அதன் கீழேதான் உள் பேட்டரி இருக்கிறது. அது உப்பத் தொடங்கியிருக்கலாம். உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது. சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு மாற்றிவிடுங்கள்.

பழைய டி480 வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுக்குமுன் எஃப்1 அழுத்தி பயோஸுக்குள் செக்யூரிட்டி, பாஸ்வேர்டு பக்கத்தைத் திறந்து பாருங்கள். பயோஸ் அமைப்புகளைப் பூட்டும் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு 'எனேபிள்ட்' என்றிருந்தால், விற்பவர் அங்கேயே அதை நீக்கித் தர வேண்டும். பட்டன் செல்லைக் கழற்றினால் அது போய்விடும் என்று சொன்னால் நம்பாதீர்கள். கழற்றினாலும் அது அப்படியே இருக்கும். நிறுவனத்தின் சர்வீஸ் முறைப்படி அதற்கு ஒரே வழி மதர்போர்டை மாற்றுவதுதான்.