விளக்குப் போட்ட பிறகு தெரியும்: ஜன்னல் மறைப்புகளோடு சில வருஷங்கள்

ஜன்னலுக்கு மிரர் ஃபிலிம் (முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளக்கும் ஒட்டுத்தாள்) ஒட்டலாமா என்று யாராவது கேட்டால், உங்கள் அறையில் டியூப்லைட் எந்தச் சுவரில் இருக்கிறது என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். கேட்டவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். 2018-லிருந்து இந்த வீட்டில் ஃபிலிம், பச்சை வலை, மூங்கில் தட்டி, திரை, பக்கத்து வீட்டுக் கேமரா என்று எல்லாவற்றோடும் குடித்தனம் நடத்தியாகிவிட்டது. மறைப்பு என்று சொல்லி விற்பதில் பாதிச் சரக்கு பகலில் மட்டும் வேலை செய்கிறது. நமக்கு அது அதிகம் தேவைப்படுவதோ விளக்கு வைத்த பிறகு.

எங்கள் வீடு வேலூர் தோட்டப்பாளையம் பக்கம் ஒரு சந்தில். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்கும் இடம். கடைப் பலகைகளில்கூட வங்காள எழுத்து இருக்கும். அதனால் ஓட்டு வீடாக இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக மாடி ஏறி, ‘அறை வாடகைக்கு’ போர்டு மாட்டிக்கொண்டது. எதிர் வீடும் அப்படித்தான். ஒவ்வொரு மாடியிலும் சந்துப் பக்கம் பார்த்த மாதிரி ஒரு வராந்தா. காலையிலிருந்து அதில் யாராவது நின்றுகொண்டே இருப்பார்கள். ரிப்போர்ட் வரும்வரை அவர்களுக்கு வேறு என்ன வேலை? எங்கள் கூடத்தைப் பார்க்க வேண்டும் என்று யாரும் வந்து நிற்கவில்லை, கண்ணுக்கு நேரே இருக்கிறது, பார்க்கிறார்கள். நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர் விட்டு ஊர் வந்தவர்களிடம் போய்ச் சண்டை போட எனக்கு மனசு வரவில்லை. அதற்காக நைட்டியோடு தலை காயவைக்கும்போது இரண்டு மாடி ஆட்களுக்குக் காட்சி கொடுக்கவும் முடியாது.

தெருப் பக்கம் வேறு தொல்லை. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே மறுபடியும் மறுபடியும் போட்டதில் வாசல்படி இரண்டு பூமிக்குள் போய்விட்டது. கட்டியபோது நடப்பவர் கழுத்துக்கு நேராக இருந்த ஜன்னல் திண்டு இப்போது அவர் இடுப்புக்கு வந்து நிற்கிறது. நாம் ஜன்னலை இறக்கவில்லை, தெரு ஏறிவிட்டது.

முதலில் வாங்கியது மிரர் ஃபிலிம்தான். கடைக்காரர் பகல் பதினொரு மணிக்கு வந்து ஒட்டிவிட்டு, வெளியே அழைத்துப் போய்க் காட்டினார். ஜன்னல் முழுக்க எதிர் வீடும் வானமும்தான் தெரிந்தன. உள்ளே இருந்து பார்த்தால் தெரு பளிச்சென்று தெரிகிறது. பிரமாதம் என்றுதான் தோன்றும். மேற்குப் பார்த்த ஜன்னல் என்பதால் வெயிலும் கொஞ்சம் அடங்கியது. மே மாதத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில் அது சின்ன உதவி இல்லை. ஆனால் இந்த ஃபிலிமுக்குத் தானாக ஒரு பக்கத்தை மறைக்கும் வித்தை எதுவும் தெரியாது. இரண்டு பக்கத்தில் எது வெளிச்சமோ அந்தப் பக்கம் நிற்பவருக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி, எது இருட்டோ அந்தப் பக்கம் நிற்பவருக்கு ஜன்னல். சாயங்காலம் ஏழு மணிக்கு நாம் விளக்கைப் போட்டதும் எல்லாம் தலைகீழ். உள்ளே இருக்கும் நமக்கு நம் முகம்தான் தெரியும், சந்தில் போகிறவருக்கு நாம் தெரிவோம். வெளியே யார் நிற்கிறார் என்பதும் நமக்குத் தெரியாது. இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை, கடை இரவில் வந்து ஒட்டுவதும் இல்லை.

பகலிலும் ஒரு விசித்திரம் உண்டு. டியூஷனுக்குப் போகும் பையன்களுக்கு எங்கள் ஜன்னல் தலை வாரும் கண்ணாடி ஆகிவிட்டது. நான் உள்ளே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். ஒரு முழம் தள்ளி ஒரு பையன் பாக்கெட் சீப்பை எடுத்து, நெற்றி முடியைத் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கி, பல்லைக் காட்டிச் சிரித்துப் பார்த்துவிட்டுப் போவான். அவனுடைய அந்தரங்கத்தை நான் பார்ப்பது போல எனக்குத்தான் கூச்சமாக இருக்கும். போதாததற்கு ஒரு தேன்சிட்டு, கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தைப் போட்டிக்கு வந்த வேறொரு பறவை என்று நினைத்துக் கொத்திக்கொண்டே இருந்தது. மூன்றாவது கோடையில் ஓரங்கள் உரிந்து, நடுவில் கொப்புளம் எழும்பிவிட்டது. மாடி அறையில் ஒட்டிய மலிவான ஃபிலிம் ஊதா நிறத்துக்கு வெளுத்துப்போனது. அந்த வகையில் இருப்பது சாயம், வெயிலில் போய்விடும். இப்போது மேற்கு ஜன்னலில் மட்டும் ஃபிலிம் இருக்கிறது, வெயிலுக்காக. வீட்டுக்கு ஃபிலிம் ஒட்டினால் போலீஸ் பிடிக்குமா என்று அக்கா பயந்தாள். 2012-ல் சுப்ரீம் கோர்ட் தடை போட்டது வாகனக் கண்ணாடிக்கு. வீட்டு ஜன்னலுக்கு அது பொருந்தாது.

டியூப்லைட் விஷயத்துக்கு வருகிறேன். ஃபிலிமை நம்பிப் பயனில்லை என்றானதும் வெள்ளைப் பருத்தித் திரை தைத்துப் போட்டோம். ஒரு நாள் இரவு கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது சந்திலிருந்து பார்த்தேன். திரை மூடித்தான் இருக்கிறது. ஆனால் தோல்பாவைக் கூத்து மாதிரி அத்தை சேலை மடிப்பதும், என் வீட்டுக்காரர் வயிற்றைச் சொறிவதும் அச்சு அசலாகத் தெரிகிறது. காரணம், டியூப்லைட் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் இருந்தது. விளக்குக்கும் திரைக்கும் நடுவில் யார் வந்தாலும் நிழல் திரையில்தான் விழும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைக் கழற்றி ஜன்னல் இருக்கும் அதே சுவரில், ஜன்னலுக்கு மேலே மாட்டச் சொன்னோம். இப்போது நம் நிழல் எதிர்ச் சுவரில் விழுகிறது. அதே திரையில் வெளியே இருந்து பார்த்தால் மங்கலான வெளிச்சம் மட்டும்தான். இத்தனை வருஷத்தில் செய்ததிலேயே குறைந்த செலவு இதுதான், நிறைந்த பலனும் இதுதான். கொஞ்சம் ஒயர், அவர் கூலி, அவ்வளவே. எந்தப் பொருளை வாங்கினாலும் இரவில் விளக்கைப் போட்டு, வீட்டு ஆள் ஒருவரை உள்ளே நடமாடச் சொல்லிவிட்டு, தெருவில் போய் நின்று பாருங்கள். எதிர் மாடிக்காரர் பழக்கமானவர் என்றால் அங்கிருந்தும் ஒரு தடவை.

தெருப் பக்கத்து ஜன்னலுக்கு வழி சொன்னவர் வேறு வேலைக்கு வந்த தச்சர். அந்த ஜன்னல் பழைய காலத்து நாலு கதவு ஜன்னல். மேலே இரண்டு, கீழே இரண்டு. கொக்கி துருப்பிடித்து, பெயிண்ட் ஒட்டி, எல்லாமே சேர்ந்து இறுகிக் கிடந்தது. கழற்றிவிட்டு அலுமினியத்தில் சைடு தள்ளும் ஜன்னல் போட்டுவிடலாமா என்று அவரிடம் கேட்டேன்.

“இன்னாமா நீ, இத்த போயி கயட்டச் சொல்றியே. கீழ்க் கதவ சாத்து, மேல் கதவ தொற. காத்தும் வரும், வெளிச்சமும் வரும், எவன் கண்ணுலயும் படாது. இதுக்குத்தான வெச்சான் அந்தக் காலத்துல?”

உளியால் பெயிண்டைச் சுரண்டி, கீலுக்கு எண்ணெய் விட்டு, புதுக் கொக்கி போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து பகலில் கீழ் இரண்டும் சாத்தியே இருக்கின்றன. நடந்து போகிறவர் கண்ணுக்குப் பலகைதான் எதிர்ப்படும். எட்டிப் பார்க்கிற உயரக்காரருக்கும் எங்கள் மின்விசிறிதான் தெரியும். சூடான காற்று மேலே ஏறி வெளியே போய்விடுவதால் அறையும் புழுங்குவதில்லை. நாலு கதவு ஜன்னல் இல்லாதவர்கள் அதே வேலையைப் பாதித் திரையில் செய்துகொள்ளலாம்: ஜன்னலின் நடு உயரத்தில் ஒரு ஸ்பிரிங் கம்பி, அதில் குடியாத்தம் லுங்கித் துணி. லுங்கித் துணி கெட்டியாக இருக்கும், துவைக்கத் துவைக்கப் பழகும். தரையிலிருந்து அளக்காதீர்கள், வெளியே தெருவில் நிற்பவரின் கண் உயரத்திலிருந்து அளந்து அதற்கு மேல் அரை அடி விடுங்கள். ரோடு ஏறிய ஊரில் உள் அளவை நம்ப முடியாது.

மேலேயிருந்து வரும் பார்வைக்குப் பாதித் திரை உதவாது. அதற்குத்தான் பால்கனியில் பச்சை வலை. நர்சரிக்குப் போடும் ஷேட் நெட்டில் 50, 75, 90 என்று சதவீதம் இருக்கும், அது எவ்வளவு வெயிலைத் தடுக்கும் என்ற கணக்கு. ஐம்பதில் எல்லாம் தெரியும். தொண்ணூறு போட்டால் மறைவு நன்றாக இருக்கிறது, ஆனால் காற்று அடைபடும், பால்கனியில் உட்கார்ந்தவர் முகமெல்லாம் பச்சையாக, உடம்பு சரியில்லாதவர் மாதிரி தெரியும். நாங்கள் 75-ல் நின்றோம். 2020 நவம்பரில் நிவர் புயல் சமயத்தில் வலை கிழியவில்லை; கட்டியிருந்த கொக்கிதான் சுவர்ப் பூச்சோடு பெயர்ந்து வந்தது. இப்போது கீழ்ப்பக்கம் மட்டும் சணல் கயிற்றில் கட்டுகிறோம், பலத்த காற்று வந்தால் கயிறு அறுந்து வலை பறக்கட்டும், சுவர் பிழைக்கும். மலிவு வலை இரண்டு கோடைக்குப் பிறகு கையால் தொட்டாலே பொடியாக உதிரும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் வகை என்று கேட்டு வாங்குங்கள், விலை வித்தியாசம் பெரிதில்லை.

மூங்கில் தட்டி பார்க்க அழகு, பழக்கத்தில் பாடு. பகலில் நல்ல மறைப்பு, மாலையில் சந்து சந்தாக உள்ளே தெரியும், பின்னால் ஒரு துணி தைத்தால்தான் உண்டு. தூசியைத் துடைத்து மாளாது. நூல் இற்றுப்போய் ஒரு பக்கம் இறங்கி நிற்கும். அத்தைக்கு மட்டும் அது பிடிக்கும், தண்ணீர் தெளித்தால் குளுமையாக இருக்கிறதாம். அவருக்காக ஒன்று பாக்கி இருக்கிறது.

குளியலறைக்குப் பனிக் கண்ணாடி மாதிரியான ஃபிலிம் ஒட்டினோம், அதில் குறையே இல்லை. அது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மங்கலாகத்தான் காட்டும், பகல் இரவு பேதம் கிடையாது. கண்ணாடியை ஒட்டி நின்றால் மட்டும் உருவம் தெரியும். சாய்பலகை வென்டிலேட்டர் இருந்தால் ஃபிலிம் தேவையே இல்லை, பலகைகளின் வெளி ஓரம் தாழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தாழ்ந்திருந்தால் எதிர் மாடியில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது, கீழே நிற்பவருக்கு உங்கள் கூரை தெரியும்.

செடி வைக்க எங்கள் சந்தில் இடம் கிடையாது. சத்துவாச்சாரியில் அக்கா வீட்டில் மருதாணி வேலி வைத்திருக்கிறாள். தண்ணீர் இல்லாவிட்டாலும் தாங்குகிறது, வெட்ட வெட்ட அடர்கிறது. ஆனால் பண்டிகை வந்தால் தெருப் பிள்ளைகள் எல்லாம் இலை பறிக்க அங்கேதான் நிற்கும்!

சத்தத்தை மறைக்க நான் பார்த்த எதுவும் உதவவில்லை. கெட்டித் திரை கொஞ்சம் குறைக்கிறது. கோடையில் ஏர் கூலர் போடுகிற இரைச்சலில் எங்கள் வீட்டுச் சண்டை எதிர் வீட்டுக்குக் கேட்பதில்லை என்று நம்புகிறேன்.

கேமராதான் புதுத் தலைவலி. எதிர் வீட்டில் வாடகைக்காரர்கள் வருவது போவது தெரியட்டும் என்று ஒன்று மாட்டினார்கள், அது நேராக எங்கள் வாசலையும் கூடத்தையும் பார்த்தது. திரைக்கு மிஞ்சிய கண் அது. பார்த்ததைச் சேமித்தும் வைக்கிறது. வீட்டுக்காரம்மாவிடம் போய், “அக்கா, உங்க போன்ல எங்க வீடு எப்படித் தெரியுதுன்னு கொஞ்சம் காட்டுங்களேன்” என்றுதான் ஆரம்பித்தேன். அவரே பார்த்துவிட்டு, “ஐயய்யோ, நீ துணி காயப்போடறதெல்லாம் கீதே” என்றார். பெரும்பாலான கேமராக்களில் படத்தின் ஒரு பகுதியைக் கறுப்புக் கட்டமாக மறைத்துவிடும் வசதி இருக்கிறது; மாட்டியவரை வரவழைத்து எங்கள் வாசலுக்கு மேல் ஒரு கட்டம் போடச் சொன்னார். போட்டதை அவர் போனிலேயே பார்த்துவிட்டுத்தான் வந்தேன். கட்டம் படத்தில் ஒரே இடத்தில்தான் நிற்கும், அதனால் காற்று மழையில் கேமரா அசைந்ததா என்று மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேச்சு வார்த்தையில் தீராதவர்களுக்குச் சட்டம் கொஞ்சம் இருக்கிறது. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், 18-ஆவது பிரிவிலேயே இதை உதாரணமாகக் காட்டுகிறது: பக்கத்து வீட்டின் அந்தரங்கத்தைக் கெடுக்கும்படி புது ஜன்னல் திறக்கக் கூடாது என்ற வழக்கம் ஓர் ஊரில் இருந்தால் அது உரிமையாகும் என்று. ஆனால் நம் ஊரில் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும், அதற்குள் எதிர் வீட்டில் இன்னும் ஒரு மாடி ஏறிவிடும். ஒரு பெண் தனிமையில் இருப்பதை வேண்டுமென்றே ஒளிந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் வேறு ரகம், அது குற்றம். 2024 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுத் தண்டனைச் சட்டத்தில் 77-ஆவது பிரிவு, முதல் தடவைக்கே ஓராண்டிலிருந்து மூன்றாண்டு வரை சிறை. வராந்தாவில் சும்மா நிற்பவரை இதில் சேர்க்க முடியாது, சேர்க்கவும் கூடாது.

இன்றைக்கு மறுபடி ஆரம்பிக்கச் சொன்னால் விளக்கை மாற்றிவிட்டு, கீழ்க் கதவைச் சாத்திவிட்டு, குளியலறைக்கு மட்டும் ஃபிலிம் வாங்குவேன். மாடியில் துணிக்கொடி கட்டும் இடம் இன்னும் திறந்துதான் கிடக்கிறது. கலர் ஷீட் அடித்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். அந்தக் காற்றுக்குக் கைப்பிடிச் சுவர் தாங்குமா என்று கொத்தனாரை ஒரு வார்த்தை கேட்காமல் நான் ஒத்துக்கொள்வதாக இல்லை.