தெளிந்த திரவமா, முழுத் திரவமா?

மருத்துவமனையில் 'திரவ உணவு மட்டும்' என்று சொன்னால், எந்தத் திரவம் என்று கேட்டுவிடுங்கள். தெளிந்த திரவம் என்றால் கண்ணாடி டம்ளருக்கு அந்தப் பக்கம் தெரிய வேண்டும்: தண்ணீர், வடிகட்டிய சூப், சக்கையில்லாத ஆப்பிள் ஜூஸ், பால் சேர்க்காத டீ. குடலில் மிச்சம் அதிகம் தங்காது என்பதால் கொலோனோஸ்கோபிக்கு (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) முன்பு இதுதான். அதிலும் சிவப்பு, ஊதா நிறப் பானங்கள் கூடாது. உள்ளே பார்க்கும்போது ரத்தம் என்று ஏமாற்றிவிடும். ஆனால் புரதம் மிகக் குறைவு. சில நாட்களுக்கு மேல் இதிலேயே ஓட்ட முடியாது.

முழுத் திரவத்தில் பால், கிரீம் சூப், ஐஸ்கிரீம்கூட உண்டு. மெல்ல முடியாதவர்களுக்கு, சத்துக்கணக்கில், என் ஓட்டு இதற்கே. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் மாற்று கேட்க வேண்டும். அப்புறம், விழுங்கும்போது புரையேறுகிறவர்களுக்கு இரண்டையுமே அப்படியே கொடுக்கக் கூடாது. அவர்களுக்குக் கெட்டிப்படுத்திய திரவம் தேவைப்படலாம்.