புறாக்கூட்டு வீடு என்று நம்பி 840 யூரோ போச்சு, நீங்களும் மாட்டாதீர்கள்

முந்தநாள் இரவுதான் பாரிஸ் திரும்பினோம். கோபம் இன்னும் ஆறவில்லை, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறைக்கு வீடு பிடித்துத் தரும் ஒரு இணையத்தளத்தில், தென்மேற்கே கஓர் நகர்ப் பக்கம், வீடாக மாற்றிய பழைய புறாக்கூடு ஒன்றைக் கண்டோம். மரப்பெட்டி என்று நினைக்காதீர்கள். கல் தூண்கள்மேல் நிற்கும் கோபுரம், உள்ளே சுவர் முழுக்கப் புறா அடைந்த மாடங்கள். புறா எச்சம் அந்தக் காலத்தில் அருமையான உரம். நாட்டின் வடக்கே பெரிய புறாக்கோபுரம் கட்டும் உரிமை பிரபுக்களுக்குத்தான் இருந்ததாம், 1789 புரட்சியோடு அது ஒழிந்ததாம். எல்லாம் அந்த "உரிமையாளர்" எழுதியதுதான். தேடிப் பார்த்தேன், அத்தனையும் உண்மை. அங்கேதான் விழுந்தேன்.

தூணின் தலையில் ஒரு தட்டைக் கல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், ஏறிவரும் எலி அதைத் தாண்ட முடியாமல் கீழே விழும் என்று சொல்லி, அந்தக் கல்லைக் கிட்டத்தில் எடுத்த படமும் அனுப்பினான். விளிம்பில் பாசி. இவ்வளவு ஆசையாகச் சொல்கிறவன் கள்ளனாக இருப்பானா என்று மனுசியோடு வாதாடினேன். "தளத்துக்கு ஏன் கட்டணம்? நேரே என் கணக்குக்குப் போடுங்கள், கிழமைக்கு 840" என்றான். போட்டேன். 840 யூரோ.

போனால் கோபுரம் இருக்கிறது. அதே கல், அதே பாசி. கதவைத் திறந்த அம்மா அங்கேயே குடியிருக்கிறார், வாடகைக்கு விட்டதே இல்லையாம். பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுத்தார். எங்களுக்கு முன்னமே ஒரு குடும்பம் பெட்டியோடு வந்து நின்றதாம்.

தளத்துக்கு எடுத்தேன்: "எங்கள் வழியாகக் கட்டவில்லையே." வங்கிக்கு எடுத்தேன்: "நீங்களே உறுதிசெய்து அனுப்பியது." திரும்ப எடுத்தால் இருபது நிமிடம் பாட்டுக் கேட்டதுதான் மிச்சம். விளம்பரம் நேற்றுவரை தளத்தில் அப்படியே கிடந்தது!

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. தளத்துக்கு வெளியே சல்லிக்காசும் அனுப்பாதீர்கள். படத்தைத் தேடுபொறியில் போட்டுப் பாருங்கள். நான் வந்த பிறகுதான் போட்டேன், பழைய வீட்டு விற்பனை விளம்பரம் முதலிலேயே வந்து நிற்கிறது. காசு போனால் அன்றைக்கே வங்கியிடம் திருப்பி எடுக்கச் சொல்லுங்கள். இணைய மோசடிகளுக்கென்று அரசு நடத்தும் தெசே (THESEE) தளத்தில் வீட்டிலிருந்தே முறைப்பாடு கொடுக்கலாம், நான் நேற்றுக் கொடுத்தேன்.

840 யூரோ. உணவகத்தில் கோப்பை கழுவிச் சேர்த்த காசு.