குளமங்கலத்துக் குதிரையும் ஒரு கருவேல முள்ளும்

சீனப் புத்தாண்டை ஒட்டி ஒன்பது நாள் விடுமுறை கிடைத்தது, ஊருக்குப் போய் வந்தேன். கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன், இந்த முறை காரும் டிரைவரும் வேண்டாம், புதுக்கோட்டையில் இருக்கும் சித்தப்பா மகனின் வண்டியை வாங்கிக்கொண்டு ரோட்டோரம் நிற்கிற பெரிய பெரிய சிலைகளைத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று. முதலில் சேலம் மாவட்டத்து ஆத்தூர் பக்கம் புத்திரகவுண்டன்பாளையத்து முத்துமலை முருகன். 146 அடி. கோலாலம்பூரில் நாங்கள் தினமும் தாண்டிப் போகிற பத்துமலை முருகன் 140 அடி, இரண்டையும் செய்தவர் திருவாரூர் தியாகராஜன் ஸ்தபதிதான். போனேன், கும்பிட்டேன், வந்தேன், ஒரு குறையும் இல்லை. எழுத வேண்டியது குளமங்கலத்துக்குப் போன நாளைப் பற்றி.

புதுக்கோட்டை மாவட்டத்துக் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் குதிரைச் சிலையை எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 33 அடி உயரம், முன்னங்கால்களைத் தூக்கிப் பாய்கிற மாதிரி நிற்கும். மாசி மகத்துக்கு ஆயிரக்கணக்கில் காகிதப் பூமாலை வந்து விழும், குதிரையின் உயரத்துக்கே மாலை கட்டிக் கொண்டு வருவார்கள். சின்ன வயதில் அப்பாவின் டிவிஎஸ் 50-ல் பின்னால் உட்கார்ந்து, மடியில் மாலைச் சுருளை வைத்துக்கொண்டு போயிருக்கிறேன். வியர்வையில் ரோஸ் காகிதத்தின் சாயம் சட்டையில் இறங்கிவிடும், அம்மா எத்தனை தடவை அலசினாலும் போகாது. அந்தக் குதிரையைப் பார்த்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

காலை எட்டு மணிக்குக் கிளம்பி ஆலங்குடி ரோட்டில் பத்து கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன், பின்சக்கரம் ஆட ஆரம்பித்தது. நல்லவேளையாகப் பக்கத்திலேயே ஒரு பஞ்சர் கடை. இரண்டு பையன்கள் இருந்தார்கள், ஒருவன் போனில் பேசிக்கொண்டே சக்கரத்தைக் கழற்றினான், ட்யூபைத் தண்ணீரில் முக்கினான், குமிழி வந்த இடத்தில் ஒட்டினான், திரும்ப மாட்டினான். மொத்தம் பதினைந்து நிமிஷம். இருநூற்றைம்பது ரூபாய் கேட்டான். மூன்று ஓட்டை என்றான். நான் பார்த்தது ஒரே ஒரு ஒட்டுதான், எண்ணிக் காட்டு என்றதற்கு, “மாட்டியாச்சே சார்” என்றான். மலேசிய வெள்ளியில் கணக்குப் போட்டால் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு, அது இல்லை விஷயம். ஏன் பஞ்சர் ஆனது என்று அந்தப் பையன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அது மதியத்தில்தான் எனக்குப் புரிந்தது.

வடகாடு தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறேன், இரண்டு பக்கமும் பலாத் தோப்பு, நடுநடுவே மல்லிகைத் தோட்டம், மனசு அப்படியே குளிர்ந்து கிடக்கிறது, திரும்பவும் அதே ஆட்டம், அதே சக்கரம். இறங்கி அழுத்திப் பார்த்தால் டயர் ரிம்மோடு ஒட்டிக் கிடக்கிறது. சுற்றி ஒரு கடை இல்லை. எதிரே எக்ஸ்எல்லில் புல்லுக்கட்டோடு வந்த ஒருவர் நிறுத்தி, “நேரா தள்ளிக்கிட்டுப் போங்க, புளியமரம் வரும், அங்கன பெரியவர் கடை இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். பதினாறு வருஷமாகக் கோலாலம்பூரில் மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன், ஒரு நாளும் இவ்வளவு தூரம் வண்டியைத் தள்ளியதில்லை. அங்கே கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனிப்பாதை உண்டு, சக்கரம் போனால் கடையில் புது ட்யூபைப் போட்டுவிட்டுப் பழையதைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். யாரும் உட்கார்ந்து ஒட்டி நான் பார்த்ததில்லை. அந்த வெயிலில் அதையெல்லாம் நினைத்து, இந்த ஊர் திருந்தவே திருந்தாது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் தள்ளினேன், மறைக்க விரும்பவில்லை.

பெரியவர் கடை என்றால் நாலு தகரம், ஒரு பழைய டயர் தொங்குகிறது, அவ்வளவுதான். முன்பிருந்த ஓட்டுக் கொட்டகை 2018 நவம்பரில் கஜா புயலோடு போய்விட்டதாம். தென்னையும் பலாவும் இந்தப் பக்கம் எவ்வளவு விழுந்தது என்று சொல்லிக்கொண்டே சக்கரத்தைக் கழற்றினார். அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ட்யூபை உருவி, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டே வந்தார். குமிழி வந்தது. காலையில் ஒட்டிய ஒட்டுக்குச் சரியாக ஒரு விரற்கடை தள்ளி.

ட்யூபை அப்படியே வைத்துவிட்டு டயரை மடியில் எடுத்தார். துண்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு உட்புறத்தை மெதுவாகத் தடவ ஆரம்பித்தார். ஒரு சுற்று முடிந்தது, ஒன்றும் இல்லை. துண்டை எடுத்துவிட்டு வெறும் விரலால் இன்னொரு சுற்று. பாதியில் விரல் நின்றது. என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். ஊசி முனை மாதிரி ஒன்று குத்தியது, கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. டயரை வளைத்துப் பிடிக்கச் சொல்லி, குறட்டால் இழுத்தார். அரை விரல் நீளத்துக்குக் கருவேல முள், ரப்பருக்குள் ஒடிந்து கிடந்தது.

“முள்ள எடுக்காம ஒட்டி விட்டிருக்கான் தம்பி. நூறு ஒட்டு ஒட்டுனாலும் நிக்காது” என்றார். யார் ஒட்டியது, எவ்வளவு வாங்கினான் என்று எதுவும் கேட்கவில்லை. நானாகச் சொன்னபோதும் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை ட்யூபைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அவசரப்படுகிறேன் என்று தெரிந்தும் அவர் அவசரப்படவில்லை. மாட்டும் முன் டயருக்குள் இன்னும் ஒரு முறை விரலை ஓட்டினார்.

எழுபது ரூபாய். என்னிடம் ஐந்நூறு ரூபாய்த் தாள் மட்டும்தான், போனில் அனுப்பும் வசதியும் எனக்கு இல்லை, அவரிடம் சில்லறை இல்லை. முழுசாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன், முகம் சுருங்கிவிட்டது. “கோயிலுக்குத்தான போறீங்க, இதே வழியாத்தான் வரணும், வர்றப்ப குடுங்க” என்றார். பேரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. கோலாலம்பூரில் பெட்ரோல் நிலையத்தில் முதலில் காசைக் கட்டினால்தான் பம்ப்பில் பெட்ரோல் வரும், அது சரியான ஏற்பாடு என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பெரியவர் முன்னால் எனக்குப் பேச்சே வரவில்லை.

அப்புறம் போன் மேப் என்னை வேறொரு அய்யனாரிடம் கொண்டுபோய் நிறுத்தியது, இரண்டு பேரிடம் வழி கேட்டுத் திரும்பினேன். அந்தப் பக்கம் ஊருக்கு ஓர் அய்யனார் இருப்பார், மேப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் இவ்வளவு பெரிய சிலைக்கு நான் வந்த வழியில் கண்ணில் படுகிற மாதிரி ஒரு பலகை இல்லை, அது ஆதங்கம்தான். மலேசியாவில் சின்ன நீர்வீழ்ச்சிக்குக்கூட மெயின் ரோட்டிலிருந்தே பழுப்பு நிறப் பலகை வைத்து அழைத்துப் போவார்கள்.

குதிரை நின்றது. சின்ன வயதில் பார்த்ததைவிடச் சிறிதாகத் தெரியும் என்று பயந்திருந்தேன், இல்லை, அதே உயரம், தலையை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற அதே உயரம். மாசி மகத்துக்கு இன்னும் சில வாரம் இருந்ததால் கழுத்து வெறுமையாக இருந்தது. பத்துமலையில் 272 படி, எந்த நேரமும் கூட்டம், போட்டோ. இங்கே வில்லுனி ஆற்றுப் பக்கமிருந்து வரும் காற்று மட்டும். குதிரையின் நிழலிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கீரமங்கலம் போய் டீ குடித்து ஐந்நூறை மாற்றிக்கொண்டேன். ஒரு கடை வாசலில் காகித மாலை கட்ட ஆரம்பித்திருந்தார்கள், அதே ரோஸ் நிறம். அங்கிருந்து நேராகப் புளியமரத்துக்குத் திரும்பினேன். பெரியவர் கடையைச் சாத்திக்கொண்டிருந்தார். எழுபது ரூபாயை நீட்டினேன், வாங்கிப் பையில் போட்டார், எண்ணிப் பார்க்கவில்லை. பிறகு குனிந்து பின் டயரைக் கட்டை விரலால் இரண்டு தரம் அழுத்தினார்.

“நிக்குது. போயிட்டு வாங்க.”