ஆர்பிஆரா, டிபிஹெச்ஏவா, ரேபிட் கார்டா: டெல்டாவின் சின்ன லேபுக்கு எது?

கும்பகோணமோ மன்னார்குடியோ, சின்ன லேபுக்கு சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான ரத்த டெஸ்ட் என்றால் வழி மூன்று: கரித்துகள் திரள்கிறதா என்று பார்க்கும் ஆர்பிஆர், பிளேட்டின் குழிகளில் ரத்தச் செல்கள் பரவுகிறதா என்று பார்க்கும் டிபிஹெச்ஏ, கோடு விழுகிறதா என்று பார்க்கும் ரேபிட் கார்டு. சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் விடிஆர்எல் டெஸ்ட்டை இங்கே விட்டுவிடலாம். என் ஓட்டு ஆர்பிஆருக்கு. அதில் ரியாக்டிவ், அதாவது பாசிட்டிவ், வந்தால் டிபிஹெச்ஏவும் போட்டாக வேண்டும்.

மூன்றுமே ஏமாற்றும், காரணம்தான் வேறு. ஆர்பிஆர் தேடுவது கார்டியோலிப்பின் என்ற கொழுப்புக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தை. அந்தக் கொழுப்பு நம் செல்லுக்குள்ளும் இருக்கிறது. அதனால் மலேரியா, தொழுநோய், லூபஸ், சில சமயம் வெறும் கர்ப்பம்கூட ரியாக்டிவ் காட்டும். டிபிஹெச்ஏவும் கார்டும் கிருமிக்கே எதிரான ஆன்டிபாடியைப் பிடிப்பவை. அங்கே குட்டையைக் குழப்புவது கிருமியின் பங்காளிகள். யாஸ் என்ற தோல் நோயை ரத்த டெஸ்ட்டில் பிரிக்கவே முடியாது. சம்பா வயலில் தண்ணீர் நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில் எலிக்காய்ச்சல் கிருமியையும் நினைவில் வைக்க வேண்டும். அது இரண்டு வகை டெஸ்ட்டிலும் கை வைக்கக்கூடியது. அதற்காக டிபிஹெச்ஏ ரியாக்டிவை எலிக்காய்ச்சல் கணக்கில் தள்ளிவிடவும் கூடாது.

ஆர்பிஆரை முன்னால் வைப்பது டைட்டருக்காகத்தான். சீரத்தை 1:2, 1:4, 1:8 என்று நீர்த்துக்கொண்டே போனால், கடைசியாக எந்தப் படியில் ரியாக்டிவ் வருகிறதோ அந்த எண்தான் டைட்டர். பொய் பாசிட்டிவ் பெரும்பாலும் 1:8-க்குக் கீழேயே நிற்கும். பழைய சிபிலிஸும் அங்கே நிற்கலாம் என்பதால் எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. டிபிஹெச்ஏ நெகட்டிவ் என்றால் பொய் பாசிட்டிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். புதிதாகத் தொற்றியிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். பென்சிலின் போட்ட பிறகு 1:32 என்பது 1:8 ஆனால் மருந்து கேட்டிருக்கிறது. 1:8 என்பது 1:4 ஆனதை இறக்கமாகக் கொள்ளாதீர்கள்; ஒரு படி ஏற்ற இறக்கம் டெஸ்ட்டுக்கே உண்டு. டிபிஹெச்ஏ இதைச் சொல்லாது. சிகிச்சை முடிந்தவருக்கும் பெரும்பாலும் ஆயுள் முழுக்க ரியாக்டிவாகவே இருக்கும். முதல் பிரசவத்தில் ஊசி போட்டுக் குணமானவர் அடுத்த கர்ப்பத்தில் கார்டில் மறுபடி இரண்டு கோடு பார்த்துப் பதறுவது இதனால்தான்.

ஆர்பிஆர் கெடுவது கைப்பக்குவத்தில். 50 மைக்ரோலிட்டர் சீரம், ஒரு சொட்டு ஆன்டிஜென் (கார்டியோலிப்பினும் கரித்துகளும் கலந்த திரவம்), ரோட்டேட்டர் என்ற சுற்றும் மெஷினில் நிமிடத்துக்கு 100 சுற்றில் 8 நிமிடம். ஆன்டிஜெனைச் சொட்டவிடும் ஊசி சரியாக இருந்தால் ஒரு மில்லிக்கு 60 சொட்டு விழும், எண்ணிப் பாருங்கள். அறை 23 முதல் 29 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சித்திரை மதியத்தில் ஃபேன் காற்றுக்கு நேரே, மூடி போடாமல் சுற்றவிட்டால் வட்டத்தின் ஓரம் காய்ந்து, கரித்துகள் திரண்டதுபோலத் தெரியும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ஆன்டிஜெனைக் குளிர் விடாமல் போட்டால் ரியாக்‌ஷன் மந்தமாகும். உடம்பெல்லாம் தடிப்போடு வந்தவருக்கு நெகட்டிவ் வந்தால் நீர்த்துப் பாருங்கள். ஆன்டிபாடி மிதமிஞ்சினாலும் துகள் திரளாது.

டிபிஹெச்ஏ பிளேட்டை சென்ட்ரிஃபியூஜ் இருக்கும் மேஜையில் வைக்க வேண்டாம், குழியில் படியும் செல்கள் அதிர்வில் கலைந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க, கிருமிப் பொருள் பூசாத செல்கள் போட்ட கன்ட்ரோல் குழியிலும் செல்கள் பாய் விரித்தாற்போல் பரவியிருந்தால் முடிவு செல்லாது.

ரோட்டேட்டரும் கரண்டும் இல்லாத கிராம முகாமில் கார்டுதான் ஜெயிக்கும். கர்ப்பிணிக்குக் கார்டு பாசிட்டிவ் வந்து, முன்பு சிகிச்சை எடுத்த சீட்டு கையில் இல்லையென்றால், டாக்டர் அன்றைக்கே ஊசி போடட்டும். ஆர்பிஆருக்கான ரத்தத்தை மட்டும் ஊசிக்கு முன்னால் எடுத்துவிடுங்கள். பின்னால் ஒப்பிட அந்த முதல் எண் வேண்டும்.