போலராய்டா, பிரிண்டா? ஏலத்தில் விலை கேட்கும் முன்

2010 ஜூன் மாதம் நியூயார்க்கில் சோதபிஸ் ஏல நிறுவனம், எடுத்த உடனே படத்தைக் கையில் தருகிற கேமராவுக்குப் பேர்போன போலராய்டு கம்பெனியின் படச் சேகரிப்பை இரண்டு நாள் ஏலம் விட்டது. 2008-ல் கம்பெனி இரண்டாவது முறையாகத் திவாலாகியிருந்தது. கடன் கொடுத்தவர்களுக்குப் பணம் திரட்டத்தான் இந்த விற்பனை. மொத்தம் சுமார் 1.25 கோடி டாலர் வந்தது. அதில் அதிக விலைக்குப் போன படம் போலராய்டில் எடுத்ததே இல்லை. அமெரிக்க இயற்கைக்காட்சிப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸின் 'கிளியரிங் வின்டர் ஸ்டார்ம்', சுவரில் மாட்டுவதற்கென்றே பெரிதாகப் போட்ட கறுப்பு வெள்ளை பிரிண்ட், 7,22,500 டாலர். ஆடம்ஸ் 1949 முதல் போலராய்டுக்கு ஆலோசகராக இருந்தவர் என்பதால் அவருடைய வழக்கமான பிரிண்டுகளும் கம்பெனி கையில் இருந்தன.

போலராய்டு வாங்கலாமா, எடிஷன் போட்ட, அதாவது இத்தனை பிரதிதான் என்று கணக்கு வைத்துப் போட்ட பிரிண்ட் வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் இந்த ஏலத்தைத்தான் சொல்வேன். சமீப காலமாகக் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் புதுவீடு கட்டுகிறவர்கள் ஓவியத்தோடு சேர்த்துப் புகைப்படத்தையும் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். "ஏனுங்ணா, சுவத்துல மாட்டவும் வேணும், நாளைக்கு வித்தா காசும் வரோணும், எதை எடுக்கலாமுங்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இரண்டு ஆசைக்கும் ஒரே படம் சரிப்பட்டு வராமல் போவதும் உண்டு.

ஒன்றே ஒன்று என்பதன் மதிப்பு

போலராய்டு கம்பெனியை நிறுவிய எட்வின் லேண்ட் உடனடிப் படத்தை 1947-ல் செய்து காட்டினார். அடுத்த வருடம் முதல் கேமரா பாஸ்டனில் கடைக்கு வந்தது. ஆனால் இன்று போலராய்டு என்றதும் கண்முன் வருவது 1972-ல் வந்த எஸ்எக்ஸ்-70 வகைதான்: சதுரப் படம், சுற்றிலும் வெள்ளை விளிம்பு, கீழ்ப்பக்கம் மட்டும் அகலம். அந்த அகலத்துக்குக் காரணம் உண்டு. ரசாயனக் கூழ் அடைத்த சின்னப் பொட்டலம் அங்கேதான் இருக்கிறது. அட்டை வெளியே வரும்போது கேமராவின் உருளைகள் பொட்டலத்தை நசுக்கிக் கூழைப் படம் முழுக்கப் பரப்பும். டெவலப் ஆவது எல்லாம் அந்த அட்டைக்குள்ளேயே முடிந்துவிடும். கையில் எடுத்து வைத்துக்கொள்ளத் தனி நெகட்டிவ் கிடையாது. அதே படத்தை இன்னொன்று போட வழியும் கிடையாது.

ஏலப் பட்டியல்கள் இதைத்தான் பெரிதாகப் பேசும். உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. அமெரிக்கப் பாப் கலைஞர் ஆண்டி வார்ஹால் ஒருவரை உட்கார வைத்தால் டஜன் கணக்கில் போலராய்டு எடுப்பார். ஒவ்வொன்றும் தனிப்படம்தான் என்றாலும் அதே முகம், அதே சட்டை, அதே வெள்ளைச் சுவர் என்று ஐம்பது அறுபது படங்கள் உலகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அடுத்த ஏலத்தில் அதன் உடன்பிறப்பு ஒன்று வந்து நிற்கலாம். அங்கே நீங்கள் கொடுக்கிற பணத்தில் பெரும்பங்கு வார்ஹால் என்ற பெயருக்கும், பின்புறம் இருக்கிற எஸ்டேட் முத்திரைக்கும் (அவர் மறைந்த பிறகு அவர் சொத்துகளைப் பார்த்துக்கொண்டவர்கள் குத்தியது) போகிறது. முத்திரை இல்லாத வார்ஹால் போலராய்டு என்று யாராவது குறைந்த விலைக்கு நீட்டினால், தொடாதீர்கள்.

போலராய்டு எல்லாமே நெகட்டிவ் இல்லாதது என்றும் நினைக்க வேண்டாம். டைப் 55 என்ற கறுப்பு வெள்ளை பிலிம் நெகட்டிவையும் சேர்த்தே தந்தது. ஆடம்ஸ் அதை விரும்பிப் பயன்படுத்தினார். அதிலிருந்து எத்தனை பிரிண்ட் வேண்டுமானாலும் போடலாம். ஆகவே ஏலப் பட்டியலில் 'போலராய்டு' என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது, எந்த பிலிம் என்று கேட்க வேண்டும்.

தனித்தன்மைக்காகவே வாங்கலாம் என்று நான் மனதாரச் சொல்வது, அந்த பிலிமின் குணத்தையே கலையாக மாற்றியவர்களின் படங்களை. லூகாஸ் சமாராஸ் என்ற அமெரிக்கக் கலைஞர் 1970-களில் எஸ்எக்ஸ்-70 படம் டெவலப் ஆகிக்கொண்டிருக்கும்போதே, உள்ளே இளகியிருந்த சாயத்தை மேலிருந்து அழுத்தித் தள்ளித் தன் உருவத்தை நெளிய வைத்தார். அதை வேறு எந்த பிலிமிலும் செய்திருக்க முடியாது. இப்படிப்பட்ட படத்துக்குத் தனி விலை கேட்டால் அதில் பொருள் இருக்கிறது.

பிரிண்டும் எடிஷனும்

நல்ல பிரிண்டின் பின்புறத்தைத் திருப்பினால் பென்சிலில் கையெழுத்து, வருடம், 3/25 மாதிரி ஒரு எண் இருக்கும். இருபத்தைந்தில் மூன்றாவது என்று அர்த்தம். கலைஞர் தனக்கென்று வைத்துக்கொள்கிற இரண்டு மூன்று பிரதிகள் இந்தக் கணக்கில் வராது. அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எடிஷனின் மொத்தப் பிரதிகள் குறைவாக இருந்தால் விலை ஏறும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆடம்ஸின் 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்' அந்தக் கணக்குக்குள் அடங்காது. 1941-ல் எடுத்த அந்தப் படத்துக்கு அவர் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிண்டுகள் போட்டார். அப்படியிருந்தும் 1948-ல் போட்ட ஒரு பிரிண்ட் 2006-ல் 6,09,600 டாலருக்குப் போனது. படம் எடுத்த சில வருடங்களுக்குள் போட்ட ஆரம்பகால பிரிண்ட் என்பதுதான் அந்த விலைக்குக் காரணம். அதனால் இரண்டு வருடங்களைக் கேளுங்கள்: எடுத்தது எப்போது, பிரிண்ட் போட்டது எப்போது.

அமெரிக்க வண்ணப் புகைப்படக் கலைஞர் வில்லியம் எகிள்ஸ்டன் விவகாரத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். அவருடைய பழைய வண்ணப் படங்கள் டை டிரான்ஸ்ஃபர் (சாயத்தைத் தாளுக்கு மாற்றி அச்சிடும்) முறையில், எண் போட்ட எடிஷனாக விற்கப்பட்டிருந்தன. 2012-ல் அவற்றில் சிலவற்றையே பெரிய அளவில் டிஜிட்டல் பிக்மென்ட் பிரிண்டாக (நிறமித்துகள் மையில் கணினி வழி அச்சிடுவது) போட்டு கிறிஸ்டிஸ் ஏலத்துக்கு அனுப்பினார். 36 படங்கள் 59 லட்சம் டாலருக்கு விற்றன. பழைய எடிஷனை வாங்கி வைத்திருந்த சேகரிப்பாளர் ஒருவர், என் படங்களின் மதிப்பு குறைந்துவிட்டது என்று வழக்குப் போட்டார். 2013-ல் வழக்கு தள்ளுபடி ஆனது. அளவும் முறையும் வேறு என்றால் அது புது எடிஷன்தான் என்ற பக்கமே நீதிமன்றம் சாய்ந்தது. நம் ஊரில் ஒரு புகைப்படக் கலைஞரிடம் நேரடியாக வாங்கும்போதும், 'இந்தப் படம் வேறு எந்த அளவிலும் வராது' என்பதை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. வாய்ச்சொல்லை நம்பி மனஸ்தாபம் வந்த பிறகு பேசிப் பயனில்லை.

இந்த ஒரு விஷயத்தில் நெகட்டிவ் இல்லாத போலராய்டு ஜெயிக்கிறது. அதற்கு இன்னொரு அளவும் கிடையாது, புது எடிஷனும் கிடையாது.

கத்திரி வெயிலும் ஐப்பசி மழையும்

எனக்கு இந்த ஒப்பீட்டில் முக்கியமாகப்படுவது இதுதான். நியூயார்க்கில் எழுதுகிற வழிகாட்டிகள் கரூர் வெயிலை நினைத்து எழுதியவை இல்லை.

எஸ்எக்ஸ்-70 மாதிரியான போலராய்டில் டெவலப் செய்த ரசாயனம் கழுவப்படாமல் அட்டைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. எஸ்எக்ஸ்-70 படங்கள் இருட்டில் வைத்திருந்தாலும் காலப்போக்கில் மஞ்சள் பூக்கும். உள்ளே இருக்கும் படலத்தில் முடி போன்ற விரிசல் விழும். நேராகப் பார்த்தால் அந்த விரிசல் தெரியாது. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி படத்தைச் சாய்த்துப் பிடித்தால், ஏரி காய்ந்த மண் மாதிரி வெடிப்பு ஓடுவது தெரியும். குளிரில் வைத்தால் நல்லது என்று ஃப்ரீசருக்குள் தள்ளினாலும் இந்த வகைப் படம் கெடும். 2008-ல் பழைய போலராய்டு பிலிம் உற்பத்தி நின்ற பிறகு, நெதர்லாந்தின் என்ஸ்கெடே ஆலையில் இம்பாசிபிள் புராஜெக்ட் என்ற நிறுவனம் புதிதாகத் தயாரித்து 2010-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆரம்ப பிலிம்கள் இன்னும் நிலையற்றவை. அந்தக் காலத்துப் படம் ஏலத்தில் வந்தால், எடுத்த புதிதில் அது எப்படி இருந்தது என்று காட்டும் ஸ்கேன் இருக்கிறதா என்று கேட்பேன்.

பிரிண்டிலும் எல்லாம் ஒன்றில்லை. நம் வீட்டு 1980-களின் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். வாழைமரத்தின் பச்சை போய், மணமக்கள் முகமெல்லாம் சிவப்பேறி இருக்கும். அது குரோமோஜெனிக் எனப்படும் சாதாரண கலர் பிரிண்டின் சாயம் மங்குவது. அதே வீட்டுச் சுவரில் தொங்குகிற தாத்தாவின் கறுப்பு வெள்ளை ஸ்டுடியோ படம் இன்னும் திடமாக இருக்கும். விளிம்பில் கருத்த இடங்களில் நீலம் கலந்த வெள்ளி மினுமினுப்பு வந்திருக்கலாம், அவ்வளவுதான். ஒழுங்காகக் கழுவிய இப்படிப்பட்ட கறுப்பு வெள்ளைப் படம், அதாவது சில்வர் ஜெலட்டின் பிரிண்ட், நம் சூழலைத் தாங்கும் என்பதற்கு நம் வீடுகளே சாட்சி. அப்புறம், நல்ல பருத்தித் தாளில் போட்ட பிக்மென்ட் பிரிண்டும் வெளிச்சத்தை நன்றாகத் தாங்குகிறது.

கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உண்டு என்றாலும் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சணம் பிடிப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. காற்றின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருப்பது படத்துக்கு நல்லது. அதற்குப் பெரிய செலவு தேவையில்லை. மேற்குச் சுவரிலும் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரணிலும் வைக்காதீர்கள். உள் அறையில் ஸ்டீல் பீரோ, அமிலம் இல்லாத அட்டைப்பெட்டி, மாற்றி மாற்றிக் காயவைக்கிற சிலிகா ஜெல் பை போதும். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போடுவது நம் வழக்கம். படம் இருக்கும் பெட்டியில் அது வேண்டாம். ஃபிரேம் போட்டால் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே இடைவெளி விடுகிற மவுண்ட் அட்டை அவசியம். பழைய படங்கள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, பிரித்தால் உரிந்து வருவதற்கு அந்த இடைவெளி இல்லாததே காரணம்.

ஆகவே சுவருக்கு வேண்டும் என்றால் கறுப்பு வெள்ளை சில்வர் பிரிண்ட் அல்லது பிக்மென்ட் பிரிண்ட் என்பதே என் முடிவு. எஸ்எக்ஸ்-70 படம் எட்டு சென்டிமீட்டர் சதுரம்தான். நம் பெரிய ஹாலில் அது காணாமல் போய்விடும். அதை மாட்டாமல், பெட்டியில் வைத்து, விருந்தாளியை உட்கார வைத்துக் கையில் கொடுத்துக் காட்டுகிற மனசு உள்ளவர்கள் வாங்கலாம். 20-க்கு 24 அங்குலத்தில் எடுக்கும் ராட்சத போலராய்டு கேமரா ஒன்று இருந்தது. விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் செய்தார்கள். சக் க்ளோஸ், வில்லியம் வெக்மேன் போன்ற அமெரிக்கக் கலைஞர்கள் அதில் எடுத்தவை சுவரை நிறைக்கும். விலையும் அதற்கேற்ற மாதிரிதான்.

ஏலத்திலா, நேரடியாகவா

ஏலம் நமக்குப் புதிதில்லை. ஆனால் ஈரோட்டில் மஞ்சளை உடைத்துப் பார்த்துத்தான் விலை எழுதுகிறார்கள். இங்கே பெரும்பாலும் திரையில் பார்த்து விலை சொல்ல வேண்டியிருக்கிறது. சுத்தியல் தட்டுகிற விலை கடைசி விலையும் இல்லை. வாங்குபவர் கமிஷன் என்று ஒரு சதவீதம் மேலே வரும், அது ஏல நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒரு லட்சத்துக்குத் தட்டினால், 25 சதவீதக் கணக்கில் 1,25,000 ஆகிவிடும். அதற்கு மேல் வரி, பேக்கிங், இன்ஷூரன்ஸ். வெளிநாட்டு ஏலம் என்றால் சுங்கமும். மொத்தத்தையும் கூட்டி, அதிலிருந்து பின்னோக்கி வந்து, எவ்வளவு வரை கேட்பது என்பதை முதல் நாளே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கலைஞரிடமோ கேலரியிலோ நேரடியாக வாங்கினால் இந்தக் கமிஷன் இல்லை, பேசி வாங்கலாம், படத்தைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். இன்று வாழ்கிற இந்தியப் புகைப்படக் கலைஞர் என்றால் நேரடியாக வாங்குவதே மேல். காலமானவர்களின் படம், பழைய போலராய்டு இவற்றுக்கு மட்டும் ஏலத்தை நாடலாம்.

ஏலத்தில் வாங்கினால் படம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் கண்டிஷன் ரிப்போர்ட் கேட்காமல் விலை சொல்லாதீர்கள். போலராய்டு என்றால் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த போட்டோ, பின்புறத்தின் போட்டோ, அங்கே அச்சிட்டிருக்கும் தயாரிப்பு எண் தெளிவாகத் தெரிகிற மாதிரி. பிரிண்ட் என்றால் அட்டையில் பசை போட்டு ஒட்டியதா, ஓரம் வெட்டியதா, இதற்கு முன் யார் யார் கையில் இருந்தது. இவற்றை அனுப்பத் தயங்குகிற ஏல நிறுவனத்தை விட்டுவிடலாம், அடுத்த வாரம் இன்னொன்று வரும்.

நம் மண்ணின் படங்கள்

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது, என் மனசு அதிகம் சாய்வது அங்கேதான். கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரியும் புகைப்படக் கலைஞருமான லினேயஸ் ட்ரைப் 1857-58-ல் சென்னை மாகாணம் முழுக்கச் சுற்றி எடுத்த படத்தொகுப்புகளில் ஒன்று ராயக்கோட்டையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் மற்ற இடங்களும். அந்த அசல் பிரிண்டுகள் பெரிய ஏலங்களில் மட்டும் வரும், நம் கைக்கு எட்டாது. ஆனால் அவருக்குப் பின்னால் வந்த ஸ்டுடியோக்காரர்கள் எடுத்த படங்கள் இன்னும் இங்கேயே கிடக்கின்றன: திரைச்சீலை முன்னால் மேசைமேல் கைவைத்து நிற்கிற தாத்தா, கையால் வண்ணம் தீட்டிய கல்யாணப் படம், மில் தொழிலாளர்கள் வரிசையாக நிற்கிற குரூப் போட்டோ. வீடு இடிக்கும்போது இவை பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போகின்றன. உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் சொல்லி வைத்தால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அட்டையில் ஸ்டுடியோ பெயரும் ஊரும் அச்சிட்டதாகப் பார்த்து எடுங்கள், ஆட்களின் பெயர் தெரிந்தால் பின்புறம் மென்மையான பென்சிலில் எழுதுங்கள், பால்பாயின்ட் பேனா வேண்டாம்.

எதை வாங்கினாலும் உங்களுடையது அந்தத் தாள் மட்டும்தான், படத்தின் காப்புரிமை, அதன் காலம் முடியாதவரை, பெரும்பாலும் கலைஞரிடமோ அவர் வாரிசுகளிடமோ இருக்கும். காப்புரிமை உள்ள படத்தைத் தீபாவளி காலண்டரில் போடவோ திருப்பூர் டி-ஷர்ட்டில் அச்சடிக்கவோ ஆசைப்பட்டால், அதற்குத் தனியாக அனுமதி வாங்கியாக வேண்டும்.