ஒரே கணினி, பல பெயர்கள்: விண்டோஸ், மேக், லினக்ஸில் ஹோஸ்ட்நேம் தேடிய அனுபவம்

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றையும் ஒரே நெட்வொர்க்கில் வைத்துக்கொண்டு, பல வருடங்களாக ஹோஸ்ட்நேம் என்னும் நெட்வொர்க் பெயரைச் சொல்லித்தான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய் வருகிறேன். ஐபி முகவரி இன்றைக்கு ஒன்று, ரவுட்டரை அணைத்துப் போட்டால் வேறொன்று. பெயர் அப்படி மாறாது. ரிமோட் டெஸ்க்டாப், பகிர்ந்த ஃபோல்டர், இன்னொரு கணினிக்குள் நுழைந்து கட்டளை கொடுக்கும் எஸ்எஸ்எச் எல்லாவற்றுக்கும் அது போதும். சிக்கல் என்னவென்றால், "உன் பெயர் என்ன?" என்று கேட்டால் ஒரே கணினி இடத்துக்கு ஒரு பதில் சொல்லும். நெட்வொர்க்கில் எடுபடும் பெயர் எது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை.

முதலில் சுலபமான வழி. டெர்மினலையோ கமாண்ட் பிராம்ப்ட்டையோ திறந்து ஹோஸ்ட்நேம் என்று அடித்து என்டர் தட்டுங்கள். மூன்று இயங்குதளங்களிலும் இது வேலை செய்யும். ஆர்ச் போன்ற சில லினக்ஸ்களில் அந்தக் கட்டளை முதலிலிருந்தே இருக்காது. அங்கே யுநேம் கட்டளையோடு ஹைஃபன் என் சேர்த்தால் பெயர் வந்துவிடும். மேக்கிலும் அதே கட்டளை செல்லும்.

விண்டோஸில் மவுஸ் போதும். செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் டிவைஸ் நேம் கண்ணெதிரே நிற்கும். யாரும் மாற்றாமல் விட்ட கணினி என்றால் டெஸ்க்டாப் என்ற சொல், ஒரு ஹைஃபன், அப்புறம் தாறுமாறாக ஏழு எழுத்தும் எண்ணும். இதை யார் ஞாபகம் வைத்திருப்பது? உடனே மாற்றிவிடுவது நல்லது. மாற்றியபின் ரீஸ்டார்ட் செய்தால்தான் அமலுக்கு வரும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியது 15 எழுத்து எல்லை. விண்டோஸ் கணினிகள் உள் நெட்வொர்க்கில் பெயரால் ஒன்றையொன்று கண்டுகொள்ளும் பழைய நெட்பயாஸ் முறையில் ஒரு பெயருக்கு 16 பைட் இடம். கடைசி பைட் சேவையின் வகையைக் குறிக்கப் போய்விடும், மிச்சம் 15. நீளமான பெயர் வைத்தால் நெட்பயாஸ் பெயர் 15ஆவது எழுத்தோடு வெட்டப்படும். ஒரு கணினிக்கு அக்கவுன்ட்ஸ்-ஆபீஸ்-01, இன்னொன்றுக்கு அக்கவுன்ட்ஸ்-ஆபீஸ்-02 என்று வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் எண்ணிப் பாருங்கள்: ஆபீஸ் முடியும் இடத்தில் சரியாக 15. வித்தியாசம் காட்ட வேண்டிய 01, 02 இரண்டும் வெட்டில் போய்விடும், இரண்டு கணினிக்கும் ஒரே பெயர். இந்த நேரத்தில் ஹோஸ்ட்நேம் கட்டளை முழுப் பெயரைக் காட்டும். கம்ப்யூட்டர்நேம் என்ற என்விரான்மென்ட் வேரியபிளோ (விண்டோஸ் தன்னிடம் குறித்து வைத்திருக்கும் மதிப்பு) பெரிய எழுத்தில், வெட்டப்பட்ட பெயரைக் காட்டும். இரண்டையும் ஒப்பிட்டால் குட்டு உடைந்துவிடும்.

மேக்கில் மூன்று பெயர்கள் உண்டு. கம்ப்யூட்டர் நேம் என்பது கண்ணுக்கு. இடைவெளி விடலாம், தமிழிலும் வைக்கலாம். லோக்கல் ஹோஸ்ட்நேம்தான் நெட்வொர்க்கில் டாட் லோக்கல் சேர்த்து ஒலிக்கும் பெயர். சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல், ஷேரிங் பக்கத்தின் அடியில் இருக்கும். மூன்றாவது ஹோஸ்ட்நேம். பெரும்பாலான மேக்குகளில் இது காலியாகவே கிடக்கும். காலியாக இருந்தால், சேர்ந்த நெட்வொர்க் தரும் பெயரை டெர்மினல் எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் வேறு வைஃபையில் சேர்ந்ததும் டெர்மினலில் கட்டளைக்கு முன்னால் வரும் பிராம்ப்ட்டில் முன்பின் தெரியாத பெயர் வந்து நிற்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. எஸ்சியூட்டில் கட்டளையால் மூன்றையும் தனித்தனியாகக் கேட்கலாம், ஹோஸ்ட்நேமை நிரந்தரமாகப் பதியவும் செய்யலாம். புதிய மேக் கையில் வந்தால் நான் முதலில் செய்வது இதைத்தான்.

தெளிவில் என் ஓட்டு லினக்ஸுக்கு. ஹோஸ்ட்நேம்சிடிஎல் என்று அடித்தால் நிலையான பெயர், அழகுக்காக வைத்த பெயர், இயங்குதளம், அதன் உட்கருவான கெர்னல் எல்லாம் ஒரே இடத்தில் வரும். மாற்றினால் ரீஸ்டார்ட் வேண்டாம். டெபியன், உபுண்டு வகையில் மட்டும், எந்தப் பெயருக்கு எந்த ஐபி என்று குறித்து வைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.1.1 என்று தொடங்கும் வரியிலும் புதுப் பெயரை எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்டும் சூடோவைப் போடும்போதெல்லாம் ஹோஸ்ட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று புலம்பும்.

பெயர் தெரிந்தும் கணினி கிடைக்கவில்லையா? பெயரோடு டாட் லோக்கல் சேர்த்து, கணினி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையைக் கொடுங்கள். இது எம்டிஎன்எஸ் முறை: ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் கணினிகள் தனி சர்வர் இல்லாமலே பெயரால் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். 2013இல் ஆர்எஃப்சி 6762 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியானது. மேக்கில் முதலிலிருந்தே உண்டு, விண்டோஸ் 10லும் இருக்கிறது, லினக்ஸில் பெரும்பாலும் அவாஹி என்ற மென்பொருள் பார்த்துக்கொள்ளும். பிங் பதில் வரவில்லை என்றதும் பெயர் தப்பு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். விண்டோஸ் ஃபயர்வால் பல நேரங்களில் பிங்குக்குப் பதிலே சொல்லாது. முதல் வரியில் பெயருக்குப் பக்கத்தில் ஐபி முகவரி வந்துவிட்டதா என்று மட்டும் பாருங்கள். வந்திருந்தால் பெயர் சரி, தடை வேறெங்கோ. இந்த ஒரு வரியைப் பார்க்கப் பழகியபின் எனக்கு எவ்வளவோ நேரம் மிச்சம்.

தலைகீழாக, ஐபி தெரியும் பெயர் தெரியாது என்றால் விண்டோஸில் பிங்கோடு ஹைஃபன் ஏ, லினக்ஸில் அவாஹி-ரிசால்வ் கட்டளையோடு அதே ஹைஃபன் ஏ.

பெயர் வைக்கும்போது சிறிய ஆங்கில எழுத்து, எண், ஹைஃபன் போதும், அடிக்கோடு வேண்டாம். 15 எழுத்துக்குள் நிறுத்தினால் மூன்று இயங்குதளங்களிலும் ஒரே பெயர் ஓடும். உங்கள் சொந்தப் பெயரை மட்டும் அதில் போடாதீர்கள். மடிக்கணினி ஒரு வைஃபையில் சேரும்போது, ஐபி முகவரி கேட்டு வாங்கும் டிஎச்சிபி வழியாகத் தன் ஹோஸ்ட்நேமையும் சேர்த்து அனுப்புவது வழக்கம். எம்டிஎன்எஸ்ஸோ அதே நெட்வொர்க்கில் இருக்கும் எல்லோருக்கும் கேட்கும்படி அறிவிக்கும். 2017இல் வந்த ஆர்எஃப்சி 8117 இந்த ஆபத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. பல மேக்குகளுக்கு உரிமையாளர் பெயரை வைத்தே முதல் பெயர் அமைந்திருக்கும் என்பதால், வெளியில் எடுத்துச் செல்லும் மேக்கில் கம்ப்யூட்டர் நேம், லோக்கல் ஹோஸ்ட்நேம் இரண்டையும் திறந்து பார்த்து மாற்றிவிடுங்கள்.